விந்தணுவும் கன உலோகமும்: பச்சிலைச் சாறு எதுவரை காக்கும்?

1860ஆம் ஆண்டில் கான்ஸ்டன்டின் பால் என்னும் பிரெஞ்சு மருத்துவர், ஈயத் தொழிலாளர் குடும்பங்களின் மகப்பேற்று வரலாற்றைத் திரட்டி வெளியிட்டார். அச்செழுத்துப் பட்டறைகளில் உழைத்த பெண்களுக்குக் கருச்சிதைவும் இறந்து பிறக்கும் மகவும் மிகுதி என்று அவர் கண்டார். அது ஓரளவு எதிர்பார்த்ததே. மருத்துவ உலகைத் திடுக்கிடச் செய்திருக்க வேண்டிய செய்தி வேறொன்று. மனைவி ஈயத்தைத் தொடாமல், கணவன் மட்டுமே அத்தொழிலில் இருந்த குடும்பங்களிலும் கருக்கள் கலைந்தன. தந்தையின் உடலில் ஏறிய நஞ்சு வித்தின் வழியே அடுத்த தலைமுறையைத் தீண்டக்கூடும் என்பதற்கு எழுத்தில் கிடைக்கும் பழஞ்சான்றுகளுள் அது ஒன்று.

அச்சான்று நெடுங்காலம் பொருட்படுத்தப்படவில்லை. இன்றும் நம் ஊர்களில் திருமணமாகி ஈராண்டு கழிந்தும் குழந்தை இல்லையெனில், ஆய்வுக்கூடத்திற்கும் கோயிலுக்கும் முதலில் அனுப்பப்படுபவள் மனைவியே. கணவனின் விந்தணுவையும் சோதிக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், வீட்டுப் பெரியோர் முகம் சுளிக்கின்றனர். உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, அகவை வந்தோருள் ஏறத்தாழ ஆறில் ஒருவர் தம் வாழ்நாளில் மகப்பேறின்மையை எதிர்கொள்கிறார். அத்தகைய இணையருள் பாதியளவினரிடம் ஆணின் பக்கமும் குறை உண்டு. அக்குறைக்குக் காரணங்கள் பல. தொழிலிடம், காற்று, நீர், உணவு, புகை ஆகியவற்றின் வழியே உடலில் குடியேறும் கன உலோகங்கள் அவற்றுள் ஒன்று. தவிர்க்கக்கூடிய ஒன்று என்பதால் தலையாயது.

இவ்வுலோகங்கள் விளைக்கும் கேட்டைப் பச்சிலைச் சாறுகள் ஆற்றும் என்னும் ஆய்வுரைகள் கடந்த சில பதிற்றாண்டுகளாக எகிப்து, நைசீரியா, இந்தியா முதலிய நாடுகளிலிருந்து இடையறாது வெளிவருகின்றன. முருங்கையிலை, மஞ்சள், பூண்டு, கருஞ்சீரகம், அமுக்கரா, நெல்லி, வல்லாரை, மாதுளை, பச்சைத் தேயிலை என அப்பட்டியல் நீளும். முடிவுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் அமைகின்றன: உலோகம் ஊட்டிய எலியின் விந்தகம் சிதைந்தது, சாறும் சேர்த்து ஊட்டிய எலியின் விந்தகம் தேறியது. இவை பொய்யென ஒதுக்கத்தக்கவை அல்ல. ஆயினும் எலிக்கூண்டில் கண்டதை அப்படியே புட்டியில் அடைத்து, பிள்ளைப்பேற்றுக்கு ஏங்கும் இளைஞர்க்கு விற்கும் வணிகம் வளர்ந்துவிட்டது. அந்த ஏக்கம் விலைபொருளாவதைக் கண்டு வாளாவிருத்தல் இயலாது. அவ்வாய்வுகள் எதுவரை செல்கின்றன, எங்கே நின்றுவிடுகின்றன என்பதை எடுத்துரைக்க வேண்டியுள்ளது.

முதலில் விந்தகத்தின் அமைப்பைப் பார்ப்போம். அதனுள்ளே நுண்குழல்கள் சுருண்டு செறிந்திருக்கின்றன. குழலின் சுவரில் உள்ள மூல உயிரணு பலமுறை பிரிந்து, உருச்சுருங்கி, வால் முளைத்து விந்தணுவாக முதிர்வதற்கு மனிதனில் ஏறத்தாழ 74 நாள் ஆகிறது. எலியில் 50 நாளுக்குச் சற்று மேல். இவ்வளர்ச்சி முழுவதையும் தாங்கி ஊட்டுபவை, 1865இல் இத்தாலியரான என்ரிக்கோ செர்டோலி விளக்கியுரைத்த தாங்கு உயிரணுக்கள். அவை ஒன்றோடொன்று இறுகப் பின்னி, குருதிக்கும் முதிரும் விந்தணுவுக்கும் இடையே ஓர் அரண் எழுப்புகின்றன. குழல்களுக்கு இடைப்பட்ட வெளியில் லேடிக் உயிரணுக்கள் அமர்ந்து, டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண்மைச் சுரப்பை ஈகின்றன.

இத்தனை காவல் இருந்தும் விந்தணு எளிதில் புண்படுவது ஏன்? அதன் புறச்சவ்வு நிறைவுறாக் கொழுப்பமிலங்கள் மிகுந்தது. அவ்வமிலங்கள் உயிர்வளியால் விரைவில் கெடுபவை. மேலும், முதிர்ச்சியின் இறுதியில் விந்தணு தன் உயிர்க்கூழின் பெரும்பகுதியைக் களைந்துவிடுகிறது. உயிர்க்கூழோடு காவல் நொதிகளும் கழிந்துபோகின்றன. 1943இல் அமெரிக்க ஆய்வாளர் சான் மக்லியோடு, உயிர்வளி செறிந்த சூழலில் மனித விந்தணு அசைவிழப்பதையும், ஐதரசன் பெராக்சைடைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்தால் அவ்வசைவு காக்கப்படுவதையும் எடுத்துக்காட்டினார். மூச்சுக்கு இன்றியமையாத வளியே விந்தணுவுக்கு ஊறு செய்யும் என்னும் அக்கண்டுபிடிப்பிலிருந்துதான் இன்றைய சாறு ஆய்வுகளின் வேர் தொடங்குகிறது.

விந்தணுவின் தலையில் மரபிழை புரோட்டமின் என்னும் புரதத்தோடு மிக இறுக்கமாகச் சுற்றப்பட்டிருக்கிறது. அக்கட்டினை நிலைநிறுத்தத் துத்தநாகம் துணைநிற்கிறது. ஈயம் அங்கே வந்து, ஒருவர் முன்பதிவு செய்த இருக்கையில் வேறொருவர் அமர்ந்துகொள்வதுபோல் துத்தநாகத்தின் இடத்தைப் பற்றிக்கொள்ளும். கட்டு தளர்ந்த மரபிழை எளிதில் முறியும். கான்ஸ்டன்டின் பால் கண்ட கருச்சிதைவுகளுக்கு இதுவும் ஒரு விளக்கமாகலாம்.

கன உலோகங்களுள் விந்தகத்தை மிகக் கடுமையாகத் தாக்குவது காட்மியம். 1956இல் பிராகு நகர ஆய்வாளர் பார்சீசெக்கும் சாகோரும் எலிகளுக்குக் காட்மிய உப்பைச் சிறிதளவு ஊசிவழிச் செலுத்தினர். விந்தகத்தின் நுண்குருதிக் குழாய்கள் கசிந்து, திசு விரைவில் மடிந்தது. ஏனைய உறுப்புகள் பெரிதும் தப்பின. அடுத்த ஆண்டே பார்சீசெக் மற்றொன்றைக் கண்டார். துத்தநாகத்தையும் சேர்த்துச் செலுத்தினால் அவ்வழிவு நேர்வதில்லை. 1960இல் நம் நாட்டின் இலக்னோ நகரிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் கர், தாசு, முகர்சி ஆகியோர் துத்தநாகத்தோடு செலினியமும் அவ்வாறே காப்பதை நிறுவினர். இம்மூவரின் பணி உலக ஆய்விதழ்களில் பல்லாண்டு எடுத்தாளப்பட்டது. நம் பாடநூல்கள் அதை நினைவுகூர்வதில்லை என்பது வருத்தத்திற்குரியது.

காட்மியம் விந்தகத்தைத் தேடிச் செல்வதன் மருமம் அவிழ மேலும் நாற்பத்தைந்து ஆண்டு ஆயிற்று. சுண்டெலிகளில் சில குலங்கள் காட்மிய ஊசியைத் தாங்கிக்கொள்ளும், சில தாங்கா. இவ்வேறுபாட்டிற்குக் காரணமான மரபணுவை 2005இல் அமெரிக்காவின் சின்சினாட்டி ஆய்வாளர்கள் அடையாளம் கண்டனர். அது துத்தநாகம், மாங்கனீசு போன்ற நல்ல உலோகங்களை உயிரணுவுக்குள் ஏற்றும் புரதம் ஒன்றை ஆக்கும் மரபணு. உடல் தனக்கு வேண்டியவற்றைப் பெறுவதற்கென அமைத்த வாயிலின் வழியாகவே காட்மியம் நுழைகிறது. துத்தநாகம் காப்பதன் காரணத்தில் ஒரு பகுதி இங்கே விளங்கும். வாயிலில் இரண்டும் போட்டியிடுகின்றன. முன்னதாகவோ உடனாகவோ துத்தநாகம் இருந்தால்தான் அப்போட்டி பயன் தரும். திசு மடிந்த பின் தரும் துத்தநாகம் மடிந்ததை எழுப்பாது. இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால், பச்சிலைச் சாறு ஆய்வுகளைப் படிப்பது எளிதாகும்.

காட்மியம் நம்மை வந்தடையும் வழிகளுள் புகையிலை முதன்மையானது. ஒரு சிகரெட்டில் ஒன்று முதல் இரண்டு மைக்ரோகிராம் வரை அது உண்டு. புகைப்போர் உடலில் சேரும் காட்மியம் புகைக்காதோரினும் ஏறத்தாழ இரு மடங்கு. சிறுநீரகத்தில் தங்கிய காட்மியம் பாதியளவு வெளியேறவே பத்து முதல் முப்பது ஆண்டு ஆகும். நகைக்கடைகளில் பலகாலம் ‘கேடிஎம் நகை’ என்று விற்கப்பட்டவை காட்மியம் கலந்த பொடியால் பற்றவைத்தவை. அந்நகையை அணிந்தோரினும், ஊதுகுழல் முன் குனிந்து அப்புகையை நாள்தோறும் மூச்சில் வாங்கிய பொற்கொல்லரே பெருங்கேட்டுக்கு ஆளாயினர்.

ஈயத்தின் போக்கு வேறு. அது விரைந்து கொல்லாது. எலும்பில் சுண்ணகத்தின் இடத்தில் குடியேறிப் பதிற்றாண்டுகள் தங்கும். 1975இல் உருமேனியாவில் மின்கலத் தொழிலாளரை ஆராய்ந்த இலான்கிரான்சானும் உடன் ஆய்வாளரும், குருதியில் ஈயம் மிகுந்தோரிடம் விந்தணு எண்ணிக்கை குறைவதையும், அசைவு தளர்வதையும், உருக்குலைவு பெருகுவதையும் பதிவு செய்தனர். பின்வந்த ஆய்வுகளைத் தொகுத்தோர், 100 மில்லிலிட்டர் குருதியில் 40 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் ஏறும்போது இக்கேடு தெளிவாகத் தென்படுகிறது என்று கூறினர். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000ஆம் ஆண்டிலும், உலகின் இறுதி நாடாக அல்சீரியாவில் 2021இலும் ஒழிந்தது. பழைய மின்கலங்களை உடைத்து ஈயம் உருக்கும் சிறு பட்டறைகளோ ஒழியவில்லை.

தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்புடையது குரோமியம். இராணிப்பேட்டையில் குரோமேட்டு ஆலை ஒன்று கொட்டிச் சென்ற ஓர் இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு, அப்பகுதி நிலத்தடி நீரை மஞ்சளாக்கிய கதையை வடமாவட்ட மக்கள் அறிவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் அகச்சுரப்பியியல் துறையில் பேராசிரியர் மைக்கேல் அருள்தாசும் அவர்தம் மாணவரும் இக்கேட்டை எலியில் அன்றி நாட்டுக் குரங்கில் ஆராய்ந்தனர். நம் கோயில்களிலும் மலைப்பாதைகளிலும் காணும் அதே குரங்கு. அதன் விந்தகமும் விந்தணு வளரும் முறையும் எலியினும் மனிதனுக்கு மிக நெருங்கியவை. ஆறிணைதிறக் குரோமியம் கலந்த குடிநீரை ஆறு திங்கள் அருந்திய குரங்குகளில் விந்தணு எண்ணிக்கையும் முன்னோக்கி நீந்தும் ஆற்றலும் குறைந்தன. விந்து நீர்மத்தில் காவல் நொதிகளும், உயிர்வளிக் கேட்டைத் தணிக்கும் குளூட்டாதயோனும் தாழ்ந்தன. ஐதரசன் பெராக்சைடு மிகுந்தது.

2006இல் வெளியான அவ்வாய்வின் இரு முடிவுகள் நம் பொருளுக்கு இன்றியமையாதவை. குரோமியத்தோடு வைட்டமின் சி-யும் சேர்த்துப் பெற்ற குரங்குகளில் அக்கேடு தோன்றவில்லை. இது காப்பு. மற்றொன்று இதனினும் சிறந்தது. குரோமியம் பெற்ற குரங்குகளுக்கு அதை நிறுத்தி, குரோமியம் இல்லாத நீரை ஆறு திங்கள் கொடுத்தபோது, விந்தணுவும் காவல் நொதிகளும் பழைய நிலைக்கு மீண்டன. எந்தச் சாறும், எந்தப் பொடியும் தரப்படவில்லை. தூய நீர் மட்டுமே தரப்பட்டது. ஆண் கருவளத்துக்கு உலோகம் இழைக்கும் கேட்டைப் பற்றி நான் படித்தவற்றுள் இத்துணை நம்பிக்கையூட்டும் செய்தி வேறில்லை. மூல உயிரணு உயிரோடு இருக்கும்வரை, நஞ்சு நின்றால் விந்தகம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் வல்லமை உடையது.

இனிப் பச்சிலைச் சாறுகளுக்கு வருவோம். இலையை நிழலில் உலர்த்திப் பொடியாக்கி, நீரிலோ எத்தனாலிலோ மெத்தனாலிலோ ஊறவைத்து வடித்து, கரைப்பானை ஆவியாக்கி எஞ்சும் பிசினே ஆய்வுக்கூடத்தார் சாறு என்பது. நீரில் இறங்கும் பொருள் வேறு, சாராயத்தில் இறங்கும் பொருள் வேறு. ஆகவே ‘முருங்கைச் சாறு’ என்று இரு ஆய்வுகள் கூறினும் அவை ஒரே பொருளைக் குறிப்பதில்லை. விளைந்த மண், பறித்த பருவம், உலர்த்திய முறை ஆகியவற்றாலும் வேறுபாடு பெருகும். இவற்றை அளந்து கூறாத ஆய்வுரை, மருந்தின் பெயரைச் சொல்லி அளவை மறைத்தது ஆகும்.

அச்சாற்றில் பயன் தருபவை பெரும்பாலும் பல்பீனால் வகைப் பொருள்கள். மஞ்சளின் குர்குமின், முருங்கையின் குவர்செட்டின், தேயிலையின் கேட்டெச்சின், நெல்லியின் துவர்ப்பொருள்கள் முதலியன இவ்வினம். பூண்டின் கந்தகச் சேர்மங்கள் தனியினம். இவை மூவழிகளில் இயங்குகின்றன. தம்மிடமுள்ள அண்டை ஐதராக்சில் தொகுதிகளாலோ கந்தகத்தாலோ உலோகத்தைப் பற்றி முடக்குகின்றன. உலோகம் தூண்டிய கட்டற்ற வினைத்துகள்களைத் தணிக்கின்றன. மூன்றாவது வழியே மிக நுட்பமானது: உயிரணுவைச் சற்றே சீண்டி, அதன் சொந்தக் காவல் நொதிகளையும் குளூட்டாதயோனையும் மிகுதியாக ஆக்கத் தூண்டுகின்றன. இவையனைத்தும் கண்ணாடிக் குழாயிலும் எலியிலும் உறுதிப்பட்டவை; ஐயம் வேண்டா.

ஐயம் எழுவது எலியிலிருந்து மனிதனுக்குத் தாண்டும் இடத்தில். பெரும்பாலான ஆய்வுகளில் சாறு உலோகத்தோடு உடனாகவோ அதற்கு முன்னரோ ஊட்டப்படுகிறது. இரண்டும் ஒரே வேளையில் வயிற்றில் சேர்ந்தால், குடலிலேயே சாறு உலோகத்தைப் பிணித்துக் குருதிக்கு ஏறாமல் தடுத்திருக்கலாம். அதனைக் காப்பு என்று கூறலாம். மருத்துவம் என்று கூறல் பொருந்தாது. பத்தாண்டு ஈயப் பட்டறையில் உழைத்துவிட்டு மருத்துவரை நாடி வருபவரின் நிலை அதுவன்று. உலோகத்தை நிறுத்திச் சில கிழமை கழித்துச் சாற்றைத் தொடங்கி, சாறு பெறாமல் தானே தேறும் எலிகளோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வே அவருக்கு விடை தரும். அத்தகையவை மிகச் சில.

அளவையும் கருதுக. எலிக்கு ஒரே ஊசியில் கிலோ எடைக்கு ஒரு மில்லிகிராம் காட்மியத்தை உப்பு வடிவில் செலுத்துதல் இவ்வாய்வுகளில் வழக்கம். உணவின் வழியே மனிதன் தாங்கத்தக்க காட்மியத்தின் மேல்வரம்பு, திங்களுக்குக் கிலோ எடைக்கு 25 மைக்ரோகிராம் என உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் கூட்டாக அமைத்த வல்லுநர் குழு 2010இல் வகுத்தது. அவ்வூசி ஒன்று அம்மேல்வரம்பின் நாற்பது திங்கள் பங்கை ஒரு நொடியில் தருகிறது. அதுவும் குடலைத் தாண்டி நேரே உடலுக்குள். உணவில் வரும் காட்மியத்திலோ நூற்றுக்கு ஐந்து பங்களவே குடல் உறிஞ்சும். மூலிகையின் அளவும் இவ்வாறே. எலிக்குக் கிலோ எடைக்கு 400 மில்லிகிராம் சாறு என்றால், உடற்பரப்பை ஒட்டிய கணக்கின்படி 60 கிலோ எடையுள்ள மனிதருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 கிராம் சாறு. உலர்ந்த இலையில் பத்தில் ஒரு பங்கு சாறாக இறங்குமெனில், அது 40 கிராம் இலைப்பொடிக்குச் சமம். கடையில் விற்கும் ஓர் உறையில் அரைக் கிராம் இருந்தால் அதுவே மிகுதி.

இன்னும் இரு வேறுபாடுகள் உண்டு. எலி தன் உடலிலேயே வைட்டமின் சி-யை ஆக்கிக்கொள்ளும். மனிதனுக்கும் குரங்குக்கும் அவ்வாற்றல் இல்லை. உயிர்வளிக் கேட்டைப் பற்றிய ஆய்வில் இது சிறு வேறுபாடு அன்று. அடுத்து, எலியின் விந்தணுச் சேமிப்பு மிகப் பெரிது. எண்ணிக்கை வெகுவாகச் சரிந்த பின்னும் அது குட்டிகளை ஈனச் செய்யும். ஆகவே எலியின் விந்தணு எண்ணிக்கை ஏறியது என்பது ஒன்று, கருவளம் மீண்டது என்பது மற்றொன்று. எத்தனை குட்டிகள் பிறந்தன, அவை நலமாக வளர்ந்தனவா என்று கடைசிவரை பார்த்த ஆய்வாளரே போற்றத்தக்கவர்.

மனிதரில் நிகழ்ந்த ஆய்வுகளுள் குறிப்பிடத்தக்கது ஈரானின் மசுகது நகரில் நடந்தது. ஊர்தி மின்கல ஆலையில் நாட்பட்ட ஈய நச்சேற்றத்துக்கு ஆளான 117 தொழிலாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குப் பூண்டு மாத்திரையும் மறுபிரிவினர்க்கு டி-பெனிசிலமின் என்னும் உலோகப் பிணிப்பு மருந்தும் நான்கு கிழமை தந்தனர். 2012இல் வெளியான முடிவின்படி, இரு பிரிவிலும் குருதி ஈயம் ஒத்த அளவில் குறைந்தது. பூண்டு உண்டோரிடம் அக்குறைவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. பூண்டுக்குப் பக்கவிளைவும் குறைவு. மகிழத்தக்க செய்தி. எனினும் அங்கு அளக்கப்பட்டது குருதியிலுள்ள ஈயம்; விந்தணு அன்று. இத்தகைய ஆய்வை விந்தணுவரை நீட்டுவது பெரும் பொருட்செலவு கோரும் செயலன்று. மின்கலத் தொழில் பெருகியுள்ள நம் நாட்டில் அது நடந்தாக வேண்டும்.

அமுக்கரா பற்றி இலக்னோவிலிருந்து 2010இல் ஓர் ஆய்வு வந்தது. மகப்பேறின்மையால் வருந்திய 75 ஆடவர்க்கு அதன் வேர்ப்பொடியை நாளொன்றுக்கு 5 கிராம் வீதம் மூன்று திங்கள் தந்து, விந்தணு எண்ணிக்கையும் அசைவும் உயர்ந்ததாக அது கூறுகிறது. அவர்கள் கன உலோகத்தால் கெட்டவர்கள் அல்லர். வெற்று மருந்து பெற்ற ஒப்பீட்டுப் பிரிவும் அதில் இல்லை. நம்பிக்கை தரும் தொடக்கம் என்று இதனைக் கொள்ளலாம். முடிவென்று கொள்ளல் தகாது.

உயிர்வளிக் கேட்டைத் தணித்தால் கருவளம் பெருகும் என்னும் எண்ணமே பெரிய அளவில் சோதிக்கப்பட்டது உண்டு. அமெரிக்காவில் 2,370 இணையரைக் கொண்டு நடந்த ஆய்வில், ஆடவரில் பாதிப்பேர்க்குத் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் ஆறு திங்கள் தரப்பட்டன. மறுபாதியினர்க்கு வெற்று மாத்திரை. 2020இல் வெளியான முடிவில், உயிரோடு பிறந்த குழந்தைகளின் விழுக்காடு ஒன்றில் 34, மற்றதில் 35. மருந்து உண்டோரின் விந்தணுக்களில் மரபிழை முறிவு சற்றுக் கூடவும் செய்தது. இவர்களும் உலோகத்தால் கெட்டவர்கள் அல்லர் என்பது மெய்யே. ஆயினும், எலியின் விந்தகத்தைக் காட்மியத்திலிருந்து காத்த அதே துத்தநாகம், பொதுவாகக் குழந்தைப்பேறு நாடிய ஆடவர்க்கு ஒரு குழந்தையையும் கூடுதலாகத் தரவில்லை. இலைச் சாறு விற்போர் இந்த எண்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பச்சிலை என்றாலே விந்தணுவுக்கு நண்பன் என்னும் கருத்தும் திருத்தப்பட வேண்டியது. சீன நாட்டுச் சிற்றூர்களில், பக்குவப்படுத்தாத பருத்திக்கொட்டை எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்திய குடும்பங்களில் பிள்ளைகள் பிறக்கவில்லை. அவ்வெண்ணெயிலுள்ள கோசிப்பால் என்னும் பல்பீனால் விந்தணு ஆக்கத்தை நிறுத்துவது பின்னர் தெரியவந்தது. ஆண் கருத்தடை மருந்தாக்கும் நோக்கில் 8,000க்கு மேற்பட்ட ஆடவர்க்கு அது தரப்பட்டது. சிலர்க்குக் குருதியில் பொட்டாசியம் தாழ்ந்து தசைகள் செயலிழந்தன. சிலர்க்கு விந்தணு மீளவே இல்லை. முயற்சி கைவிடப்பட்டது. இராசத்தான் பல்கலைக்கழகத்தார், பப்பாளி விதைச் சாறு அனுமன் மந்திகளில் விந்தணுவை அறவே இல்லாமற் செய்வதையும், நிறுத்தியபின் அது மீள்வதையும் கண்டனர். எல்லாம் செடி தந்த பொருள்களே. ஒன்று காக்கிறது, மற்றொன்று கருவறுக்கிறது.

எல்லாவற்றினும் நெஞ்சை உறுத்துவது மஞ்சளின் கதை. ஆய்வுக்கூடத்தில் ஈயத்தையும் காட்மியத்தையும் எதிர்த்து நிற்கும் அதே மஞ்சள், வங்காளதேசத்தில் ஈயம் ஏற்றிவரும் ஊர்தியாயிற்று. மழை வெள்ளத்தில் நிறம் மங்கிய கிழங்குக்குப் பளபளப்பூட்ட, மெருகிடுவோர் ஈயக் குரோமேட்டைத் தூவினர். அச்சேர்மத்தில் ஈயமும் உண்டு, குரோமியமும் உண்டு. கருவுற்ற தாய்மாரின் குருதியில் ஈயம் மிகுந்திருந்ததன் மூலத்தைத் தேடிச் சென்ற இசுடான்போர்டு ஆய்வாளரும் வங்காளதேச ஆய்வாளரும் அதன் வேரைக் கண்டனர். அரசு முனைந்து செயற்பட்டது. 2019இல் சந்தை மஞ்சளில் 47 விழுக்காட்டு மாதிரிகளில் இருந்த ஈயம், 2021இல் ஒன்றிலும் இல்லை. எச்சாறும் செய்யவியலாத மருத்துவத்தை இரண்டே ஆண்டில் ஓர் அரசின் உறுதி செய்துவிட்டது.

மருந்துப் புட்டிகளின் நிலையும் இதனோடு ஒட்டியதே. 2004இல் பாசுட்டன் நகரக் கடைகளில் வாங்கிய, தெற்காசியாவில் ஆக்கப்பட்ட 70 ஆயுர்வேத மருந்துகளை ஆராய்ந்தபோது, 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. தாதுக்களை முறைப்படி தூய்மை செய்து பற்பமும் செந்தூரமும் ஆக்கும் சித்த மருத்துவ மரபு தனியே ஆராயத்தக்கது. அதன் உண்மையை நிறுவ வேண்டியதும் ஆய்வாலேயே. ஆனால் உலோகக் கேட்டைப் போக்கவென்று ஒருவர் வாங்கும் மூலிகைப் பொடியிலேயே உலோகம் இருக்குமாயின், அதை என்னென்பது?

பட்டறையிலும் ஆலையிலும் உழைத்து, மகப்பேறு வாய்க்காமல் வருந்தும் இளைஞரே, சூரணம் வாங்குமுன் குருதியில் ஈய அளவைச் சோதியுங்கள். காட்மியத்தோடு புழங்குவோர் சிறுநீரில் அதையும் சோதியுங்கள். பெருமருத்துவமனைகளும் பெரிய ஆய்வுக்கூடங்களும் இச்சோதனைகளைச் செய்கின்றன. அளவு மிகுந்திருந்தால் முதலில் நஞ்சின் ஊற்றை அடைத்துவிடுங்கள்: முகமூடி, புகைபோக்கி, வேலை முடிந்ததும் குளியல், வேலையுடையை வீட்டுக்குக் கொண்டுவராமை, வேலையிடத்தில் உண்ணாமை, புகைபிடித்தலைக் கைவிடுதல். உலோகப் பிணிப்பு மருந்து வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். ஈயத்துக்கு உதவும் அம்மருந்து காட்மியத்துக்கு உதவுவதில்லை, சிறுநீரகத்துக்கு ஊறும் செய்யலாம். முருங்கைக்கீரையும் நெல்லியும் பூண்டும் உணவாக நாள்தோறும் உண்ணத்தக்கவை. இரும்பும் சுண்ணமும் குறைவற்ற உடல் ஈயத்தைக் குறைவாகவே உறிஞ்சும். உணவாக உண்பதற்கு எலியின் சான்று வேண்டியதில்லை. நஞ்சு நின்று மூன்று திங்கள் கழித்து விந்தணுச் சோதனையை மீண்டும் செய்து பாருங்கள். அதற்குள் ஒரு புதிய தலைமுறை விந்தணு முழுமையாக முதிர்ந்திருக்கும். ஈயமும் காட்மியமும் குரோமியத்தைப் போல் விரைந்து உடலை விட்டு நீங்குவன அல்ல. ஆகவே சிலர்க்கு இன்னும் நெடுநாள் ஆகலாம். சோர்வடையாதீர்கள், மனைவியின் மேல் பழி போடவும் இடந்தராதீர்கள்.

அரசினிடம் ஒரு வேண்டுகோள். ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துகளுக்குக் கன உலோகச் சோதனை 2006 சனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டது. ஆண் கருவளத்துக்கென்று உள்நாட்டில் விற்கும் ஒவ்வொரு புட்டியிலும் ஈயம், காட்மியம், பாதரசம், ஆர்சனிக்கு ஆகிய நான்கின் அளவையும், அத்தொகுதி சோதிக்கப்பட்ட நாளையும், விலையை அச்சிடும் அதே பெரிய எழுத்தில் அச்சிடச் செய்யுங்கள்.